சோலைமலையின் தாடி பேசிய ஞாயிறுகள்

மதுரை தெற்குவாசல் பக்கம் பஷீர் பாய் காம்பவுண்டில் ஏழு வீடுகளும் ஒரே ஒரு குழாயும் இருந்தன. அந்தக் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பதைத் தவிர அங்கே நடக்கிற எல்லாமே எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் நாலாவது வீட்டுச் சோலைமலை, யாருக்கும் தெரியாமல் தன் தாடியைத் தானே வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான் என்றால், அவனுடைய புத்திசாலித்தனத்தைப் பற்றி இதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லத்தான் போகிறோம்.

சோலைமலைக்கு வயது முப்பத்தெட்டு. ஜவுளிக்கடையில் கட்பீஸ் பிரிவில் பதினாறு வருசமாகத் துணி வெட்டுகிறான். கழுத்தில் டேப்பும் காதிடுக்கில் சாக்கட்டியும் கையில் பத்து இஞ்ச் கத்தரியுமாக நாள் முழுக்க நின்றுகொண்டு, "ஆமாங்கம்மா", "உங்களுக்கு எடுப்பா இருக்கும்மா", "இன்னொண்ணு எறக்கவாம்மா" என்கிற மூன்றே மூன்று வாக்கியங்களை வைத்தே அந்தப் பதினாறு வருசத்தையும் ஒப்பேற்றிவிட்டான். வீட்டில் அந்தச் செலவும் கிடையாது. அங்கே "ம்" ஒன்று, "சரி" ஒன்று, இரண்டே போதும். கடை வாசலில் சேலை கட்டி நிறுத்தியிருக்கும் பொம்மையோடு குடும்பம் நடத்தியிருந்தால்கூட நாலு வார்த்தை கூடக் கேட்டிருப்பேன் என்று அவன் மனைவி நாகஜோதி குழாயடியில் சொல்வாள். அதைச் சோலைமலையும் வீட்டுக்குள்ளிருந்து கேட்பான், கேட்டுவிட்டு, நியாயம்தான் என்று மனசுக்குள் ஒப்புக்கொள்வான்.

கல்யாணமாகிப் பதினோரு வருசம். முதல் தடவை நாகஜோதி உண்டானபோது சோலைமலை இப்படி இருக்கவில்லை. கடையிலேயே மெத்தென்ற மஞ்சள் மல் துணியாகத் தேடி எடுத்து, அந்தப் பத்து இஞ்ச் கத்தரியாலேயே இரண்டு குட்டிச் சட்டை வெட்டி, பெயரும் வைத்து, அந்தப் பெயரைக் காம்பவுண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். நாலாம் மாதம் அது தங்கவில்லை. இரண்டாவது தடவை சட்டை வெட்டவில்லை, பெயரை நாகஜோதியிடம் மட்டும் சொன்னான், அதுவும் அஞ்சாம் மாதத்தோடு போயிற்று. வாயைத் திறந்ததால்தான் போயிற்று என்று அவனுக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. ஆகவே மூன்றாவது தடவை, இந்த வருசம், டெஸ்டில் உறுதியானது என்று நாகஜோதி வந்து சொன்ன அன்றைக்கு, நெஞ்சு முட்ட வந்த அத்தனையையும் விழுங்கிக்கொண்டு "சரி" என்றான். நாகஜோதி அந்தச் "சரி"யைக் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவன் முகத்தில் சவரக்கத்தி படவில்லை. வீட்டுக்காரி மாசமாக இருந்தால் பிள்ளை பிறக்கிற வரைக்கும் புருசன் முடி எடுக்கக் கூடாது என்பது வழக்கம், உசிலம்பட்டியிலிருந்து மாமியார் ஒச்சம்மாள் அதை வாரம் ஒருமுறை போனில் ஞாபகப்படுத்தினாள். தாடி வளர்ந்தது. சிலருக்குத் தாடி அறிவாளிக் களை தரும், சிலருக்கு வீரக் களை தரும். சோலைமலைக்கு அது கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட களையைத் தந்தது, அதுவும் சொந்தப் பிழையால் தவறவிட்டது என்று பார்த்தவுடன் தெரிகிற மாதிரி.

ஏழாம் மாதம் பிறந்தபோது தாடி இரண்டரை இஞ்ச். கடையின் மேற்பார்வையாளர் தெய்வநாயகம் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "சோலை, தீபாவளி யாவாரம் வருது. நேத்து ஒரு அம்மா உங்கிட்ட ஜாக்கெட் துணி கேக்காம விபூதி கேட்டு நின்னுச்சு. ஒண்ணு அதக் குறைச்சுட்டு வா, இல்ல குடோனுக்குப் போயிரு" என்றார். சோலைமலை "சரி சார்" என்றான்.

தெருமுனைச் சுருளியின் சலூனுக்குப் போக முடியாது. அங்கே உட்கார்ந்தால் முதல் முடி கீழே விழுவதற்குள் செய்தி உசிலம்பட்டிக்குப் போய்விடும். அதனால் வீட்டிலேயே வெட்டுவது என்று முடிவு செய்தான். இதில் அவனுக்குக் கவலையே இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. கத்தரி விசயத்தில் தன்னை மிஞ்ச இந்த ஊரில் ஆள் யார் என்று நினைத்தான். பதினாறு வருசம் கையில் பிடித்த கத்தரி, பாப்ளின், காடா, வெல்வெட், எதில் வைத்தாலும் கோடு பிசகாத கத்தரி, கேவலம் தாடியிலா பிசகப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காம்பவுண்டே சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்த நேரம். சோலைமலை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தாடியை நன்றாக நனைத்து, டேப்பால் இரண்டு பக்கமும் அளந்து, காதிலிருந்து காதுக்குச் சாக்கட்டியால் ஒரு கோடு இழுத்தான். பிறகு துணிக்கடைக்காரர்கள் செய்கிற மாதிரியே, ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வெட்டி, கத்தரியின் வாயைத் திறந்து வைத்து, ஒரே ஓட்டாக ஓட்டினான். துணி மேசைமேல் தட்டையாகக் கிடக்கும், முகம் அப்படிக் கிடக்காது, நடுவில் தாடை என்று ஒன்று துருத்திக்கொண்டிருக்கும் என்பது, பதினாறு வருசம் துணி வெட்டிய ஒருவனுக்கு மட்டுமே மறந்துபோகக்கூடிய விசயம். வலது பக்கம் ஒரு இஞ்ச் போயிற்று, இடது பக்கம் அரை இஞ்ச் மட்டும் போயிற்று, தாடை முனையில் ஒரு பள்ளம் விழுந்தது.

வெட்டிய முடி தரையில் விழுந்ததும் பேச ஆரம்பித்தது.

சோலைமலையின் குரல்தான், ஆனால் அவன் ஒருநாளும் பேசாத சத்தத்தில். இருநூறு முந்நூறு முடி ஒரே சமயத்தில் பேசியதால் குளியலறைக்குள் பஸ் ஸ்டாண்டே வந்து இறங்கியது போல இருந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவிலும் சில வாக்கியங்கள் தெளிவாகக் கேட்டன. "அம்மா, அந்த மாம்பழக் கலர் உங்களுக்கு ஆகவே ஆகாது, பச்சையக் கட்டுங்க" என்றது ஒன்று. "தெய்வநாயகம் சார், டிபன் சாப்பிட்டுட்டு என் தோள்ல தட்டிக் குடுக்குற மாதிரி கையத் தொடைக்காதீங்க" என்றது இன்னொன்று. "பாய், மோட்டார் ரிப்பேர் இல்ல, நீங்கதான் ஃபீஸ் கட்டையப் புடுங்கி வச்சிருக்கீங்க, எனக்குத் தெரியும்" என்றது வாளிக்குப் பின்னால் விழுந்த ஒன்று. "ஜெயக்கொடியக்கா, நீங்க குடுத்தனுப்புற கருவாட்டுக் கொழம்ப நான் ஒருநாள்கூடச் சாப்பிட்டதில்ல, எல்லாம் பூனைக்குத்தான்" என்று ஒன்று தண்ணீர்ப் போக்கியின் வாயில் சிக்கிக்கொண்டு மூன்று தடவை சொன்னது.

முடி எதற்காகப் பேச வேண்டும் என்று காம்பவுண்டில் யாரும் கேட்கவில்லை, ஆகவே நாமும் கேட்க வேண்டாம். கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் வந்து நின்ற மூணாவது வீட்டு ஜெயக்கொடி, தலையை மட்டும் உள்ளே நீட்டி, "எந்தப் பூனைக்கு?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற பஷீர் பாய் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது, மாடித் தொட்டி ஏழு வாரத்துக்குப் பிறகு நிறைந்து வழிந்தது.

நாகஜோதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். கையில் கத்தரியும் கன்னத்தில் சாக்கட்டிக் கோடுமாக, ஒரு பக்கம் நாலு மாதத் தாடியும் மறு பக்கம் மூன்று மாதத் தாடியுமாக நின்றவனைப் பார்த்தாள். வழக்கத்தை மீறி முடியில் கை வைத்ததற்கு இன்றைக்குத் தொலைந்தோம் என்று சோலைமலை சுவரோடு ஒட்டிக்கொண்டான். கடைசி முடி பேசி ஓய்கிற வரைக்கும் அவள் காது கொடுத்துக் கேட்டாள்.

"தாடியாவது பேசுதே" என்றாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னுங் கொஞ்சம் வெட்டுங்க."

அன்று சாயங்காலம் குழாயடியில் கூட்டம் கூடிச் சில ஏற்பாடுகள் செய்தார்கள். வெட்டுவது ஞாயிறு காலையில் மட்டும், செவ்வாய் வெள்ளி கத்தரி தொடக் கூடாது. தண்ணீர் வருகிற நேரத்தில் வெட்டக் கூடாது, குடத்துச் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்காது. யாரைப் பற்றிப் பேச்சு வருகிறதோ அவர்கள் முன்வரிசைக்கு வரலாம், ஆனால் முடியிடம் எதிர்த்துப் பேசக் கூடாது. ஒச்சம்மாளிடம் போனில் கேட்டபோது, அவள், "வழிச்செடுக்கக் கூடாதுன்னுதான் பெரியவுக சொன்னாக. கொறைக்கிறதப் பத்தி ஒண்ணுஞ் சொல்லல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தன்னைப் பற்றி ஏதாவது வந்ததா என்று கேட்டாள். சோலைமலையிடம் மட்டும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவனிடம் கேட்டால் "சரி" என்பான் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்தந்த நாளில் வளர்ந்த முடி, அந்தந்த நாளில் தான் விழுங்கிய பேச்சைத்தான் பேசுகிறது என்பதைச் சோலைமலை கண்டுபிடித்திருந்தான். முடியின் நுனிதான் பழசு, வேர்தான் புதுசு. மாதத்துக்கு அரை இஞ்ச் என்று கணக்குப் போட்டு டேப்பை வைத்துப் பார்த்தான். தோலிலிருந்து சரியாக ஒரு இஞ்ச் உயரத்தில் இருந்தது அஞ்சாம் மாதத்து ஸ்கேன் நாள். அன்றைக்கு அந்த இருட்டு அறையில் திரையைப் பார்த்து அவன் ஒரே ஒரு சொல்லை விழுங்கியிருந்தான். அந்தச் சொல் பிள்ளை பிறக்குமுன் வெளியே கேட்டால் இதுவும் தங்காது என்று அவன் மனசார நம்பினான். அந்த ஒரு இஞ்சை மட்டும் எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

அடுத்த ஞாயிறு நாகஜோதி, "அந்தப் பெரிய கத்தரி வேணாங்க, சந்தையா இருக்கு, ஒரு பேச்சும் வெளங்கல" என்று சொல்லிப் பால் பாக்கெட் வெட்டுகிற கத்தரியைக் கொண்டுவந்தாள். அது மழுங்கல். முடியை வெட்டாமல் மடக்கிக் கடித்தது, அதனால் வாக்கியமெல்லாம் திக்கித் திணறி, "பா... பாய்... வா... வாட..." என்று பாதியிலேயே நின்றது, கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். பிறகு அஞ்சாவது வீட்டிலிருந்து நகம் வெட்டுகிற குட்டிக் கத்தரி வந்தது. அதன் முனை வளைந்திருந்தது, வாய் ஒரு அரிசி நீளம்தான். அதில் வெட்டினால் ரகசியம் பேசுகிற குரலில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது. ஏழு வீட்டுக்காரர்களும் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப் போனதுக்குப் பலன், பக்கத்து வீட்டு மிக்ஸிச் சத்தத்தைப் பற்றி ஒரே ஒரு குறை.

செய்தி கேள்விப்பட்டு சலூன்காரச் சுருளி நேரிலேயே வந்துவிட்டான். சோலைமலையைவிடப் பத்து வயது இளையவன், ஆனால் கோபத்தில் கொஞ்சமும் சளைத்தவனில்லை. தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

"ஏண்ணே, வீட்லயே வெட்டுறதுன்னு முடிவு பண்ணிட்டீக, சரி, எம் பொழப்பு போகட்டும். என்ன கத்தரி வாங்குறதுன்னாவது ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? இது தாடியாண்ணே? எலி கொதறுன பாயி."

"ம்" என்றான் சோலைமலை.

சுருளி அவனைக் கையோடு சலூன் சாமான் விற்கிற கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். பத்து இஞ்ச் வீரன் அங்கே கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்ட பிள்ளையாக நின்றான். அஞ்சரை இஞ்சுக்கு மேல் தாடிக்கு வேண்டாம், நேர் முனை, மெல்லிய வாய் என்று சுருளி ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் வைத்துத் திறந்து மூடினான். கறக் என்றவற்றைத் தள்ளினான், சிக் என்றதை வைத்துக்கொண்டான். நனைத்த பஞ்சைக் கொஞ்சம் பிய்த்து முனையால் வெட்டச் சொன்னான், இழுக்காமல் வெட்டியது. "கட்டை வெரலும் மோதிர வெரலும் வளையத்துல. கட்டை வெரல் மட்டுந்தான் ஆடணும், மத்ததெல்லாம் சும்மா இருக்கணும். சும்மா இருக்கறது ஒங்களுக்கு வரும்ணே" என்றான். நனைத்து வெட்டாதே, ஈரத்தில் முடி நீண்டு ஏமாற்றும், காய்ந்தால் ஏறிவிடும். சீப்பை வைத்து சீப்புக்கு வெளியே நீட்டுவதை மட்டும் வெட்டு. காதுப் பக்கத்திலிருந்து தாடைக்கு வா. நினைக்கிறதில் பாதி வெட்டு. மீசையைக் கடைசியில் பார்த்துக்கலாம். சோலைமலை எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கத்தரியைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று பதினாறு வருசம் நிமிர்ந்திருந்த கழுத்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக அப்படி ஆடியது.

மூன்றாவது ஞாயிறு எல்லாம் ஒழுங்காக நடந்தது. வெளிச்சத்தில் கண்ணாடியை மாட்டி, காய்ந்த தாடியைச் சீவி, சிக் என்று ஒரு வெட்டு வெட்டினால் ஒரே ஒரு வாக்கியம், தெளிவாக, தேதி வரிசையில் வந்தது. ஜெயக்கொடிக்கு மூன்று, பாய்க்கு ஐந்து. அரைக்கிலோ மைசூர்பாகோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தெய்வநாயகத்துக்குப் பதினொன்று. அவர் ஒவ்வொன்றுக்கும் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டார், மறுநாளிலிருந்து சொந்தக் கைக்குட்டை கொண்டுவந்தார். கடையிலும் பெண்கள் "அந்தத் தாடிக்காரரு எங்க, கலர் ஆகுமா ஆகாதான்னு கேக்கணும்" என்று தேடி வர ஆரம்பித்ததால் குடோன் பேச்சே அப்புறம் எழவில்லை.

நடுநடுவே நாகஜோதிக்கும் வந்தது. "ஜோதி, அந்த நீலச் சேலையில இன்னைக்கு நீ அம்புட்டு அழகு" என்றது ஒரு முடி. "நீ பொரண்டு பொரண்டு படுத்தப்ப நானுந்தான் தூங்கல, தூங்குற மாதிரி கெடந்தேன்" என்றது இன்னொன்று. "வாந்தி எடுக்குறப்ப தலையப் புடிச்சுக்கிறவான்னு கேக்க வந்தேன், கேக்கல" என்றது வேறொன்று. நாகஜோதி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். காம்பவுண்டே குழாயைப் பார்ப்பது போலத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. சோலைமலைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் தாடி தன்னைவிட நல்ல புருசனாக இருப்பதை ஏழு வீட்டார் முன்னிலையில் பார்த்துக்கொண்டிருப்பது ஒருத்தனுக்கு அவ்வளவு லேசான காரியமில்லை.

நாலாவது ஞாயிறு டேப்பை வைத்தபோது, இடையில் வளர்ந்ததைக் கழித்தால் சரியாக அந்த ஒரு இஞ்ச் இருந்தது. சோலைமலை கத்தரியைக் கீழே வைத்தான்.

"போதும்" என்றான்.

"ஏன் போதும்?" என்றாள் நாகஜோதி. "அடுத்து ஸ்கேன் எடுத்த நாளு. எனக்கும் கணக்குத் தெரியும். அன்னைக்கு நான் ஒங்களுக்குச் சந்தோசமான்னு கேட்டேன். நீங்க 'ம்'முன்னு சொல்லிட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டீக. அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நான் கேக்கணும்."

"வேணாம் ஜோதி."

"இதுவும் வேணாம்னு நெனச்சிருக்கீக. அதான."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். இல்லை என்றால் பின்னே என்ன என்று அடுத்த கேள்வி வரும், அதற்குப் பதில் அந்தச் சொல்தான், அந்தச் சொல்லைச் சொன்னால் பிள்ளை போய்விடும். அவன் வாயை மூடிக்கொண்டான். அந்த மூடிய வாயையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

"அடுத்த ஞாயிறு வளைகாப்பு. எங்கம்மா கூட்டிட்டுப் போக வரும். அதக் கேக்காம நான் கார்ல ஏற மாட்டேன். கேட்டதுக்கப்பறம் திரும்பி வருவேனாங்குறத அப்பறம் பாத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டு அவள் முக்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த ஒரு வாரம் சோலைமலை கடையில் கோணலாகத் துணி வெட்டினான். சொன்னால் பிள்ளை போகும், சொல்லாவிட்டால் பெண்டாட்டி போவாள். விழுங்கி விழுங்கி இரண்டு பேரையும் காப்பாற்றுவதாகத்தான் இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தான், இப்போது பார்த்தால் விழுங்கியதே தொண்டையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இந்த லட்சணத்தில் ஊருக்கெல்லாம் கலர் சொல்கிறேன் என்று தன்னையே நொந்துகொண்டான்.

வளைகாப்பு அன்று காம்பவுண்டு முற்றத்தில் பந்தல் போட்டு, நாகஜோதியை நாற்காலியில் உட்காரவைத்து, கன்னத்தில் சந்தனம் பூசி, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையல் அடுக்கினார்கள். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தயிர்ச்சோறும் பரிமாறி முடிந்தது. வாசலில் கார் வந்து நின்றது. ஒச்சம்மாள் மகளின் கையைப் பிடித்து எழுப்பினாள். நாகஜோதி எழுந்திருக்கவில்லை. புருசனைப் பார்த்தாள்.

சோலைமலை உள்ளே போய்க் கண்ணாடியையும் சீப்பையும் அந்த அஞ்சரை இஞ்ச் கத்தரியையும் எடுத்துக்கொண்டு வந்தான். சுருளி கண்ணாடியை வாங்கிப் பிடித்துக்கொண்டான். சோலைமலை காற்றிலேயே இரண்டு தடவை வெட்டினான்.

"வெறுங்கத்தரி வெட்டாத தம்பி, வீட்ல சண்ட வரும்" என்றாள் ஜெயக்கொடி.

கடைசியாக ஒருமுறை நாகஜோதியின் முகத்தைப் பார்த்தான், அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படி உட்காரவைத்தது தான்தான் என்று அவனுக்கு உறைத்தது. சீப்பை வைத்தான். சிக்.

"பொன்மணி" என்றது முடி.

சோலைமலை கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடி விழப்போகிறது என்று காத்திருந்தான். இடி விழவில்லை. கை பாட்டுக்கு அடுத்ததை வெட்டியது. "பொன்மணி" என்றது அதுவும், காலையில் எழுப்புகிற குரலில். அடுத்தது, "பொன்மணி", பஸ்ஸில் இடம் பிடித்து வைத்துக் கூப்பிடுகிற குரலில். அடுத்தது சாப்பிடக் கூப்பிட்டது. அடுத்தது சும்மா கூப்பிட்டது. ஸ்கேன் நாளிலிருந்து முந்தாநாள் வரைக்கும் வளர்ந்த ஒவ்வொரு முடியும் அந்த ஒரே பெயரை விதவிதமாகக் கூப்பிட்டுக்கொண்டே விழுந்தது. ஏழு வீட்டு ஆம்பளைகளும் தங்கள் ஆயுசில் யாரையும் அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டதில்லை என்பது அவரவர் வீட்டுக்காரிகளுக்கு அந்தக் கணத்திலேயே தெரிந்துவிட்டது.

"மாப்ள" என்றாள் ஒச்சம்மாள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு. "யாரு அந்தப் பொன்மணி?"

பந்தலே சோலைமலையை முறைத்தது. தெய்வநாயகம் எழுந்து நின்று, "எங்க கடையில அந்தப் பேருல யாரும் இல்லம்மா, நான் பொறுப்பு" என்றார், அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ஜெயக்கொடி தன் பேச்சு பலித்ததை நினைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். சோலைமலை அவசர அவசரமாக இன்னொரு கொத்தை வெட்டினான், ஏதாவது விளக்கம் சொல்லும் என்று. அதுவும் "பொன்மணி" என்றுதான் சொன்னது. விழுங்கியதை மட்டும்தான் தாடி சொல்லும், விளக்கமெல்லாம் அவனே சொல்லியாக வேண்டும் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

நாகஜோதி கோபப்படவில்லை. "சொல்லுங்க" என்றாள்.

சோலைமலை வாயைத் திறந்தான்.

"நம்ம புள்ளதான்" என்றான். "அன்னைக்கு அந்தத் திரையில, அது நெஞ்சுக்குள்ள, குண்டுமணி அளவுக்கு ஒண்ணு மினுக்கு மினுக்குன்னுச்சு. பாத்தவொடனே அந்தப் பேரு வந்துருச்சு. மொத ரெண்டு தடவையும் வாயத் தொறந்தேன், தங்கல. அதான் இத வாய்க்குள்ளயே வச்சுக் கூப்புட்டேன். எனக்குப் பயமா இருந்துச்சு ஜோதி. இன்னமும் பயமாத்தான் இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அவன் ஒரே மூச்சில் பேசியதில் அதுதான் நீளமானது. ஒச்சம்மாள் செருகிய சேலையை மெதுவாக உருவி விட்டுக்கொண்டாள்.

"தெனமுமா கூப்புட்டீக?" என்றாள் நாகஜோதி.

"தெனமும்."

"எங்கிட்ட 'ம்'முன்னு மட்டும் சொன்னீக."

"ம்" என்றான் சோலைமலை.

யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நாகஜோதி அழுதுகொண்டே சிரித்தாள், வயிற்றில் கை வைத்துக்கொண்டு இரண்டு தடவை அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். வயிற்றுக்குள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, வழக்கம்போல உதைதான் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பொம்பளப் புள்ளன்னு நீங்களா முடிவு பண்ணிட்டா ஆச்சா? பயலா இருந்தா?"

"அதுக்கும் ஒரு பேரு வச்சிருக்கேன்."

"அத ஏன் தாடி சொல்லல?"

சோலைமலை தலையைக் குனிந்துகொண்டான். "அது மீசையில இருக்கு."

சுருளி சீப்பை எடுத்துக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தான். ஏழு வீட்டுக்காரர்களும் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். நாகஜோதி எட்டி, புருசன் கையிலிருந்த கத்தரியை வாங்கினாள், வாயை மூடினாள், வளையல் தட்டில் வைத்தாள்.

"கத்தரி வேணாம். வாயாலயே சொல்லுங்க."

சோலைமலை அவள் பக்கத்தில் குனிந்தான். சரியாக அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் அலறியடித்துக்கொண்டு குடத்தைத் தேடி ஓட, பிளாஸ்டிக்கும் பித்தளையும் மோதிய சத்தத்தில் அவன் சொன்னது ஒருத்தர் காதிலும் விழவில்லை. அந்த ஆதங்கம் ஜெயக்கொடிக்கு இன்றைக்கும் இருக்கிறது.

"சத்தத்துல சரியா கேக்கல" என்றாள் நாகஜோதி. "இன்னொரு தடவ சொல்லுங்க."

அவளுக்கு முதல் தடவையே கேட்டிருந்தது. அது சோலைமலைக்கும் தெரியும். அவன் மறுபடியும் சொன்னான்.